இடி முழங்கும்போது டெலிபோன் மணி அடித்தால்?

வீட்டுக்கு வேண்டிய விஞ்ஞானம்

சித்திரை பிறந்துவிட்டது. வங்காளத்தில் வாழும் நமக்குச் சித்திரை என்றதும் வேப்பம்பூப் பச்சடியோடு இன்னொன்றும் நினைவுக்கு வரும். பகலெல்லாம் வெந்து புழுங்கிய பின், மாலை ஐந்து மணி அளவில் வடமேற்கு மூலையில் மை கரைத்தாற்போல மேகம் திரண்டு, புழுதியை வாரி இறைத்து, இடியும் மின்னலுமாக வந்து இறங்கும் கால்பைசாகியே அது. நம் ஊர்ப் பக்கத்துக் கோடை மழைக்கு இதனை மூத்த அண்ணன் என்று சொல்லலாம். பங்குனியில் தொடங்கி வைகாசி வரை இதன் ஆட்சிதான்.

இப்பகுதிக்கு அண்மையில் வந்த கடிதங்களுள் மூன்று, வீட்டுத் தொலைபேசியைப் பற்றியவை. லேக் மார்க்கெட் அருகிலிருந்து ஓர் அன்பர், ரிசீவரை எடுத்தால் யாரோ இருவர் வங்காளியில் வியாபாரம் பேசுவது கேட்கிறது என்றும், தம் பேச்சையும் எவரேனும் ஒட்டுக் கேட்கிறார்களோ என்று அஞ்சுவதாகவும் எழுதியுள்ளார். பேஹாலாவிலிருந்து ஓர் அம்மையார், மழை பெய்தால் தொலைபேசி ‘கரகர’ என்று இரைந்து, பின்னர் இரண்டு வாரம் ஊமையாகிவிடுகிறது. பில் மட்டும் தவறாமல் வந்து சேருகிறது. இதற்கு விதி ஏதும் இல்லையா என்று கேட்கிறார். மூன்றாவது கடிதம் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்தது. “இடி இடித்தால் டெலிபோனைத் தொடாதே என்கிறார் என் மாமியார். அது பழங்காலத்துப் பயம் என்று சிரிக்கிறார் என் கணவர். இருவரில் யார் சொல்வது சரி?” என்பது அக்கடிதத்தின் கேள்வி.

மாமியார் சொல்வதே சரி. காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்லுகிறேன். மூன்று கேள்விகளும் ஒரே கம்பியைப் பற்றியவை ஆதலின், முதலில் அந்தக் கம்பியின் சமாசாரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

நம் நகரமும் தொலைபேசியும்

மின்சாரத்தால் செய்தி அனுப்பும் வித்தை இந்நாட்டில் பிறந்த இடம் இந்த நகரமே. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனம் கற்பித்த வில்லியம் ஓஷானஸி என்னும் ஐரிஷ் வைத்தியர், 1839-இல் இங்கே கம்பி இழுத்துத் தந்திச் சோதனைகள் நடத்தினார். பின்னர்க் கல்கத்தாவுக்கும் டயமண்டு ஹார்பருக்கும் இடையே போடப்பட்ட சோதனைத் தந்தி, 1851-இல் உபயோகத்துக்கு வந்தது. அதே ஓஷானஸி மின்னலைப் பற்றியும் கவலைப்பட்டவர். வெடிமருந்துக் கிடங்குகளுக்கு இடிதாங்கி வைக்கலாமா, வைத்தால் எவ்வாறு வைக்க வேண்டும் என்பது பற்றி அவர் அரசாங்கத்தாருடன் நடத்திய கடிதப் போக்குவரத்து, 1840-இல் வங்காள ஆசியச் சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்தது. கம்பியும் மின்னலும் ஒரே மனிதரின் மேசையில் அன்றே சந்தித்துவிட்டன.

தொலைபேசி வந்தது 1882-இல். அவ்வாண்டு ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. கல்கத்தா நிலையம் கவுன்சில் ஹவுஸ் தெரு 7-ஆம் எண் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. சந்தாதாரர்கள் 93 பேர். 1995 ஜூலை 31 அன்று அன்றைய முதலமைச்சர் ஜோதி பாசு ரைட்டர்ஸ் கட்டிடத்திலிருந்து புதுதில்லிக்குப் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அந்தச் செல்போன் பெருகி, இன்று வீட்டுத் தொலைபேசி பல இல்லங்களிலிருந்து விடைபெற்றுவிட்டது.

ஆயினும் முற்றிலும் போய்விடவில்லை. முதியோர் இருக்கும் வீடுகளிலும், குவார்ட்டர்ஸ்களிலும், சிறு கடைகளிலும் அது இன்னும் இருக்கிறது. கண் மங்கிய பாட்டிக்குச் செல்போன் திரையைத் தடவுவதைவிடப் பெரிய பித்தான்களை அழுத்துவது எளிது. மேலும் இது நமக்கு ஊரோடு உறவு காத்த கம்பி. எஸ்.டி.டி. கட்டணம் இரவு 11 மணிக்கு மேல் கால் பங்காகக் குறைந்த காலம் ஒன்றுண்டு. அப்போது தூக்கக் கண்ணோடு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் பலகை மாட்டிய பூத்தின் வரிசையில் நின்றவர்கள் நம்முள் பலர். “சௌக்கியமா?” என்ற ஒரு சொல்லுக்காக மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசிய பேச்சு அது. அந்தப் பழக்கத்தினால்தான் மணி அடித்தவுடன் ஓடிப்போய் எடுக்கிறோம், வானம் பிளந்தாலும்கூட.

கம்பிக்குள் என்ன இருக்கிறது?

தொலைபேசிக் கம்பி ஒன்று போலத் தோன்றினாலும் உள்ளே இரண்டு செப்புக் கம்பிகள் இருக்கும். நிலையத்திலுள்ள பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 48 வோல்ட் அழுத்தம் இவற்றின் வழியே எப்போதும் வந்துகொண்டிருக்கிறது. வீட்டில் மின்சாரம் நின்றாலும் பழைய தொலைபேசி வேலை செய்வதற்கு இதுவே காரணம். மணி அடிக்கும்போது மட்டும் இதைவிட உயர்ந்த மாறுமின்னழுத்தம் வரும். அந்த நேரத்தில் வெறுங்கம்பியைத் தொட்டவர் சுருக்கென்று உணர்ந்திருப்பார்.

இவ்விரு கம்பிகளையும் பெண்களின் பின்னலைப் போல ஒன்றோடொன்று முறுக்கி வைத்திருப்பார்கள். இது அழகுக்காகச் செய்தது அன்று. அருகே ஓடும் மின்சாரக் கம்பி, தொலைபேசிக் கம்பியில் ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். கம்பிகள் இரண்டும் முறுக்கிக் கிடந்தால், இரண்டிலும் ஒரே அளவு தூண்டப்படும். கருவியோ இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை மட்டுமே ஒலியாக மாற்றுகிறது. சமமாகத் தூண்டப்பட்டவை ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ள, நம் காதுக்கு ஒன்றும் கேட்பதில்லை. இந்தச் சமநிலை கெட்டால்தான் இரைச்சல் வருகிறது. ஒரு கம்பியில் மட்டும் ஈரம் ஏறிப் பூமிக்குக் கசிவு உண்டானாலும், ஒரு முடிச்சில் பச்சைக் களிம்பு பிடித்தாலும் சமநிலை போய்விடும்.

இரைச்சலின் வகைகள்

இரைச்சலைக் கேட்டே நோயை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

தாழ்ந்த குரலில் ‘ம்ம்ம்’ என்று இடைவிடாத ரீங்காரம் கேட்டால் அது மின்சாரத்தின் குரல். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவது. அந்தத் துடிப்பே காதில் விழுகிறது. கம்பியில் பூமிக் கசிவு இருக்கலாம். அல்லது தொலைபேசிக் கம்பியை வீட்டு மின்கம்பியோடு சேர்த்து ஒரே குழாயில் செலுத்தியிருக்கலாம். பின்னது ரீங்காரத்துக்கு மட்டுமன்றி அபாயத்துக்கும் வழி. இரண்டையும் தனித்தனியே பிரித்துவிட வேண்டும்.

மழைக்குப் பின் வரும் ‘கரகர’ ஒலி ஈரத்தின் குரல். தெருமுனைப் பெட்டியிலோ, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியின் முடிச்சிலோ, பூமிக்கடியிலுள்ள கேபிளிலோ நீர் புகுந்திருக்கும். பேஹாலா அம்மையாரின் தொல்லை பெரும்பாலும் இதுவே.

வேற்றார் பேச்சுக் கேட்பது குறுக்குப் பேச்சு எனப்படும். ஒரே கேபிளுக்குள் நூற்றுக்கணக்கான ஜோடிகள் நெருங்கிக் கிடக்கின்றன. காப்புறை கெட்ட இடத்தில் ஒரு ஜோடியின் பேச்சு அடுத்த ஜோடிக்குக் கசிந்துவிடும். லேக் மார்க்கெட் அன்பருக்கு நான் சொல்லக்கூடிய ஆறுதல் இது: சட்டப்படியோ சட்டத்துக்குப் புறம்பாகவோ ஒட்டுக் கேட்பவன் தன் பேச்சை உங்களுக்குக் கேட்கவிட மாட்டான், ‘கிளிக்’ ஒலியும் எழுப்ப மாட்டான். உங்கள் காதில் விழுவது நனைந்த கேபிளின் தவறு. ஆனால் உங்களுக்கு அவர்கள் பேச்சுக் கேட்டால், அவர்களுக்கும் உங்கள் பேச்சுக் கேட்கக் கூடும். பழுது நீங்கும் வரை வங்கிக் கணக்கு எண்ணையும், பெண் பார்க்கும் சம்பந்தப் பேச்சையும் அந்தக் கம்பியில் பேசாதிருப்பது உத்தமம்.

முன்னாளில் சில வீடுகளில் ரிசீவரை எடுத்தால் வானொலிப் பாட்டுக் கேட்பதுண்டு. சக்திமிக்க மத்திய அலை நிலையம் அருகிலிருந்தால் நீண்ட தொலைபேசிக் கம்பியே ஏரியல் ஆகிவிடும். களிம்பு பிடித்த முடிச்சும், கருவிக்குள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்களும் அந்த அலையிலிருந்து ஒலியைப் பிரித்துத் தந்துவிடும். முடிச்சைச் சுரண்டிப் புதிதாக இணைப்பதும், கம்பி நுழையுமிடத்தில் ஃபெரைட் வளையம் மாட்டுவதும் இதற்கு மருந்து.

அதே கம்பியில் இணையமும் வாங்கியிருப்பவர்களுக்குத் தொலைபேசியில் ‘ஸ்ஸ்’ என்று சீற்றம் கேட்டால், ஸ்பிளிட்டர் என்னும் சிறு பெட்டி இல்லாமல் கருவியை மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். கம்பியில்லாக் கைப்பிடி வைத்த கார்ட்லெஸ் கருவியில் இரைச்சல் வந்தால், அதன் அடிப்பெட்டியை வைஃபை பெட்டிக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்கும் தூரமாக நகர்த்திப் பார்க்க வேண்டும்.

பழுது வீட்டிலா, வெளியிலா என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் கழற்றிவிடுங்கள். வெளிக்கம்பி வந்து சேரும் முதல் பெட்டியில், அதாவது ரோசெட்டில், நல்ல கருவி ஒன்றை மட்டும் மாட்டிக் கேளுங்கள். இரைச்சல் இருந்தால் பழுது வெளியே. கம்பெனியார் வர வேண்டும். இல்லையானால் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள். எதை மாட்டியதும் இரைச்சல் தொடங்குகிறதோ அதுவே குற்றவாளி. பொதுவாக ரோசெட் வரையில் கம்பெனியாரின் பொறுப்பு. அதற்கு உட்பட்ட நீட்டுக் கம்பிகள் வீட்டுக்காரரின் பொறுப்பு.

ரயில் பாதை ஓரம் வசிப்போருக்கு

நம் சங்கத்தில் ரயில்வே குடும்பங்கள் மிகுதி ஆகையால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1957 டிசம்பரில் ஹௌராவுக்கும் ஷியோராபுலிக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியபோது தலைக்கு மேலிருந்த கம்பியில் 3,000 வோல்ட் நேர்மின்னோட்டம் பாய்ந்தது. பின்னர் அது 25,000 வோல்ட் மாறுமின்னோட்டமாக மாற்றப்பட்டது. சென்னை பீச்சிலிருந்து தாம்பரம் வரை 1931-இல் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடத் தொடங்கிய பாதையும் பிற்காலத்தில் இவ்வாறே மாறிற்று.

மாறுமின்னோட்டம் வந்ததும் தந்தி, தொலைபேசிக் கம்பிகளுக்குப் புதிய தொல்லை வந்தது. எஞ்சின் இழுக்கும் மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியாகவும் பூமியின் வழியாகவும் திரும்புகிறது. மேலே போவதும் கீழே திரும்புவதும் வெகு தூரத்தில் இருப்பதால், பாதைக்கு இணையாக ஓடும் எந்தக் கம்பியிலும் அழுத்தம் தூண்டப்படுகிறது. கம்பி எவ்வளவு நீளம் இணையாக ஓடுகிறதோ அவ்வளவு அழுத்தம் மிகும். ஆகவே மின்மயமான பாதைகளில் கம்பத்து மேலே ஓடிய ரயில்வேத் தந்திக் கம்பிகளை இறக்கிப் பூமிக்கடியில் உலோக உறையிட்ட கேபிளாகப் புதைத்தார்கள். பல இடங்களில் திரும்பும் மின்னோட்டத்தைத் தனிக் கம்பிக்கு இழுத்துவிடும் டிரான்ஸ்பார்மர்களையும் வைத்தார்கள். மின்சாரத் துறை, தொலைபேசித் துறை, ரயில்வே மூன்றும் கூடிய ஒரு குழு, புதிய மின்பாதை போடுமுன் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கிறது. மின்பாதையில் பெரும் பழுது நேரும் நொடியிலும் சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் தூண்டப்படும் அழுத்தம் 430 வோல்ட்டைத் தாண்டலாகாது என்பது அக்குழு கடைப்பிடிக்கும் வரம்பு. ஆதலின் குவார்ட்டர்ஸ்வாசிகள் தாமாகவே பாதையோரமாக நீண்ட கம்பி இழுத்து அடுத்த பிளாக்குக்கு இணைப்புக் கொடுத்துக்கொள்வது பெருந்தவறு. அரசாங்கம் பாடுபட்டு நீக்கிய அபாயத்தை நாமே வீட்டுக்குள் அழைத்து வருவதாகும் அது.

மின்னல் வரும் வழி

இனி மாமியாரின் கட்சிக்கு வருவோம்.

ஒரு மின்னலில் ஏறத்தாழ 30,000 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். அது செல்லும் வழியில் காற்று 30,000 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும். அது நம் வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. கால் மைல் தூரத்துத் தென்னையிலோ கம்பத்திலோ விழுந்தாலும், அருகேயுள்ள கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் அலையாக எழும். 48 வோல்ட்டுக்கென்று போட்ட கம்பி அதைத் தடுத்து நிறுத்தாது. வீட்டுக்குள் கொண்டு வந்து சேர்த்துவிடும். கம்பியின் முடிவில் கருவி. கருவியின் முடிவில் ரிசீவர். ரிசீவர் இருப்பது நம் காதின் மேல். ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்றுகொண்டோ, மறு கையை இரும்பு ஜன்னல் மீது வைத்துக்கொண்டோ பேசினால், மின்னல் பூமிக்குப் போகும் பாதை நம் உடலாகிவிடும். உடலில் பாயாவிட்டாலும், ரிசீவரில் எழும் வெடியோசை செவிப்பறையைக் கிழித்துவிடக் கூடும். கம்பியுள்ள தொலைபேசியை இடியின்போது உபயோகிக்கலாகாது என்று பல நாட்டுச் சுகாதார இலாகாக்கள் எச்சரிப்பது இதனால்தான்.

இதற்குத் தடுப்பு இல்லையா? உண்டு. தொலைபேசி நிலையத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சிறு காப்புக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதனுள் ஒருவகை வாயு அடைக்கப்பட்டிருக்கும். அழுத்தம் சில நூறு வோல்ட்டைத் தாண்டியதும் அந்த வாயு மின்சாரத்துக்கு வழிவிட்டு, வந்த அலையைப் பூமிக்குத் திருப்பிவிடும். ஆனால் அது காப்பது நிலையத்தை. வீட்டு முனையிலும் அத்தகைய காப்பு வேண்டும்; அதற்குச் சரியான பூமி இணைப்பும் வேண்டும். பூமி இணைப்பு இல்லாத காப்புக் குழாய், கதவில்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்கியது போலத்தான். தொலைபேசிக் காப்பின் பூமிக் கம்பியும் வீட்டு மின்சாரத்தின் பூமிக் கம்பியும் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும். தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் இடையே உண்டாகும் அழுத்தம் கருவியை எரித்துவிடும். இதை லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டே செய்விக்க வேண்டும். எல்லாம் செய்தாலும், நேரே விழும் இடிக்கு எந்தக் காப்பும் முழு ஜவாப்தாரி ஆகாது. கழற்றி வைப்பது ஒன்றே நிச்சயமான காப்பு.

செல்போன் மின்னலை இழுக்கும் என்று சிலர் சொல்லுகிறார்கள். அது சரியன்று. கம்பித் தொடர்பு இல்லாத செல்போனையும், கார்ட்லெஸ் கைப்பிடியையும் வீட்டுக்குள் இடியின்போது உபயோகிக்கலாம். ஆனால் செல்போனைச் சார்ஜரில் மாட்டிக்கொண்டே பேசினால் அதுவும் கம்பியுள்ள தொலைபேசியாகிவிடுகிறது என்பதை மறக்கலாகாது.

இப்போது கண்ணாடி இழைக் கம்பி பல வீடுகளுக்கு வந்திருக்கிறது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே அவ்வழியே மின்னல் வராது என்பது உண்மை. எனினும் சிலவகை இழைக் கம்பிகளில் தாங்கு பலத்துக்காக எஃகுக் கம்பி ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். அதைக் கவனிக்க வேண்டும். அன்றியும் இழையின் முனையிலுள்ள பெட்டி வீட்டு மின்சாரத்தில் ஓடுவது; மின்கம்பி வழியாக வரும் அலை அதை எரித்துவிடும். மின்சாரம் நின்றால் தொலைபேசியும் நின்றுவிடும் என்பது இன்னொரு குறை. முதியோர் தனித்திருக்கும் வீட்டில் இப்பெட்டிக்குச் சிறு பேட்டரிக் காப்பு வாங்கி வைப்பது அவசியம்.

மின்னலை எளிதாக எண்ணலாகாது. தேசியக் குற்றப் பதிவேட்டு அலுவலகத்தின் கணக்குப்படி, 2022-இல் இந்நாட்டில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். இயற்கைச் சீற்றங்களால் அவ்வாண்டு மாண்டவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 2021 ஜூன் 7 அன்று ஒரே நாளில் மேற்கு வங்காளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் இடி விழுந்து இறந்தனர். 2018 ஜூனில், நம்மவர் பலர் காலையில் உலாவப் போகும் ரவீந்திர சரோவர் பக்கத்து விவேகானந்தா பூங்காவில், கிரிக்கெட் பயிற்சிக்கு வந்த 21 வயது இளைஞர் ஒருவர் மின்னல் தாக்கி உயிர் நீத்தார். இறப்பவர்களில் பெரும்பாலோர் வயலிலும் திறந்த வெளியிலும் இருப்பவர்கள் என்பது மெய்தான். ஆனால் வீட்டுக்குள் இருப்பவரைத் தேடி மின்னல் வர வேண்டுமானால் அதற்குக் கம்பியும் குழாயுமே வழி.

விதிகள் என்ன சொல்லுகின்றன?

தொலைபேசிக்கான சட்டம் நெடுங்காலம் 1885-ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டமாகவே இருந்தது. கல்கத்தா தலைநகராயிருந்த காலத்துச் சட்டம் அது. அதற்குப் பதிலாக 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2024 ஜூன் முதல் படிப்படியாக அமலுக்கு வந்துள்ளது. தொலைபேசிப் பேச்சின் அந்தரங்கம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அனுமதியின்றி ஒருவர் பேச்சை ஒட்டுக் கேட்பது குற்றம்.

பேஹாலா அம்மையாருக்கு வேண்டிய விதிகள் இவை. பழுது ஏற்பட்டதும் கம்பெனியின் புகார் மையத்துக்குத் தெரிவித்து, அவர்கள் தரும் புகார் எண்ணை வாங்கி நாளும் நேரமும் இட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். எண் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. 2012-ஆம் ஆண்டு விதிமுறை அவ்வாறு சொல்லுகிறது. புகார் தீரவில்லையானால், அல்லது தீர்த்த விதம் திருப்தி இல்லையானால், அதே கம்பெனியில் அமைந்த மேல்முறையீட்டு அதிகாரிக்கு முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. நிலைத்தொலைபேசியில் பழுது மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் சந்தாதாரருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய விதிகளிலும் அது இடம் பெற்றிருக்கிறது. இரண்டு வாரம் ஊமையாகக் கிடந்த தொலைபேசிக்கு முழு வாடகை கேட்டு வந்த பில்லை, புகார் எண்ணோடு திருப்பி அனுப்பிக் கழித்துத் தரும்படி எழுதிக் கேட்க அம்மையாருக்கு உரிமை உண்டு.

அதற்கும் பயனில்லையானால் நுகர்வோர் மன்றம் இருக்கிறது. இதிலே ஒரு சிக்கல் இருந்தது. தந்திச் சட்டத்திலேயே மத்தியஸ்த ஏற்பாடு இருப்பதால் தொலைபேசிப் பில் தகராறுக்கு நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாகாது என்று 2009-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருந்தது. 2022 பிப்ரவரியில் அதே கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, போகலாம் என்று தீர்ப்பளித்துக் கதவைத் திறந்துவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாயால் சொல்லிவிட்டு வருவதைவிட எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்வதே நலம். ஆபீஸில் வேலை பார்க்கும் நமக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆபீஸ் கோப்பை ஒழுங்காக வைக்கும் நாம் வீட்டுப் பில்களை அரிசி டப்பாவின் அடியிலே வைக்கிறோம்.

இல்லத்தரசிகள் குறித்துக்கொள்ள வேண்டியவை

1. மேகம் கறுத்ததும், முதல் இடிக்கு முன்பே, தொலைபேசி, மோடம், தொலைக்காட்சி ஆகியவற்றின் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். மின்சாரப் பிளக்கை மட்டும் எடுத்துத் தொலைபேசிக் கம்பியை விட்டுவைத்தால் பாதி வேலைதான். இடி தொடங்கிய பிறகு கழற்றப் போகாதீர்கள்.

2. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே நொடிகளை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் அபாய எல்லைக்குள் இருக்கிறோம். கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் கழியும் வரை உள்ளேயே இருங்கள்.

3. அந்த நேரத்தில் குளிப்பது, பாத்திரம் தேய்ப்பது, குழாயைத் தொடுவது, இரும்பு ஜன்னலில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பது ஆகியவை வேண்டாம்.

4. மாடியில் வடாம் காய்கிறது, துணி உலர்கிறது என்று இடியின் நடுவே ஓடாதீர்கள். கால்பைசாகி மாதங்களில் மாலை நான்கு மணிக்கே வடாத்தை எடுத்துவிடுவது நல்லது. வடாம் நனைந்தால் மறுபடி பிழிந்துகொள்ளலாம்.

5. குழந்தைகள் மைதானத்தில் விளையாடும்போது வானம் இருண்டால் மரத்தடியில் ஒதுங்கலாகாது என்று சொல்லி வையுங்கள். கட்டிடத்துக்குள்ளோ, மூடிய மோட்டார் வண்டிக்குள்ளோ போக வேண்டும்.

6. மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கி இராது. தயங்காமல் தொட்டு உதவலாம். மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியைத் தொடங்கி, 112-க்குச் சொல்லுங்கள். உடனே உதவி கிடைத்தால் பிழைப்பவர் பலர்.

7. புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் ‘தாமினி’ என்றொரு செல்போன் செயலியை உண்டாக்கியிருக்கிறார்கள். நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி இருபது, நாற்பது கிலோமீட்டருக்குள் மின்னல் வாய்ப்பு இருந்தால் அது எச்சரிக்கும். வீட்டுக்கு ஒருவராவது வைத்துக்கொள்ளலாம்.

இறுதியாக ஒன்று. மாலை ஆறு மணிக்குத் திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ வானம் தெளிவாக இருக்கும். அங்கிருந்து அம்மா கூப்பிடுவார். இங்கே இடி முழங்குவது அவருக்கு எப்படித் தெரியும்? மணி அடித்து அடித்து ஓய்ந்தால் அங்கே கவலை. எடுத்தால் இங்கே அபாயம். இதற்கு விஞ்ஞானம் வேண்டாம். முன்கூட்டி ஒரு வார்த்தை போதும். “ஆனி பிறக்கும் வரை காலையிலேயே கூப்பிடுங்கள். மாலையில் எடுக்கவில்லையானால் மழை என்று நினைத்துக்கொள்ளுங்கள்; நின்றதும் நாங்களே பேசுகிறோம்” என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குச் சொல்லி வையுங்கள். அங்கே ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும் காலத்தில் அதே உபசாரத்தை நாம் அவர்களுக்குச் செய்யலாம்.

சாந்த்ராகாச்சிச் சகோதரி இக்கட்டுரையைத் தம் கணவரிடம் காட்டலாம். மாமியாருக்கு என் வணக்கத்தையும் தெரிவிக்கக் கோருகிறேன்.

அடுத்த இதழில்: மழைக்காலத்தில் வீட்டு மின்சாரப் பூமி இணைப்பைச் சோதிப்பது எப்படி?